மெய்நிகர் விளையாட்டு நாவல் எழுதுவது எப்படி? இளையோர் அறிவியல் புனைவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் வரைவில் நாயகன் மூளையோடு இணையும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒன்பது மணி நேரம் விளையாடினான். மூன்று கோட்டைகளைப் பிடித்தான், ஒரு டிராகனைக் கொன்றான், நடுவில் ஒரு துரோகியையும் கண்டுபிடித்தான். படித்துப் பார்க்கச் சொல்லி அக்கா மகளிடம் கொடுத்தேன். அவளுக்குப் பதினான்கு வயது, விட்டால் நாள் முழுக்க கேம் ஆடுகிறவள். அறுபது பக்கம் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “மாமா, இவன் பாத்ரூமே போகமாட்டானா?”

சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்தபிறகு சிரிப்பு வரவில்லை. நான் உருவாக்கிய பையனுக்கு உடம்பே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வரைவைத் தூக்கிப் போட்டேன்.

தலையில் கருவியை மாட்டினால் கணினி உலகத்துக்குள்ளேயே நிற்பதுபோல் உணரவைக்கும் வர்ச்சுவல் ரியாலிட்டிக்குத் தமிழில் மெய்நிகர் என்று பெயர் வைத்திருக்கிறோம். மெய் என்றால் உண்மை, உடம்புக்கும் அதே சொல்தான். இந்த வகை நாவலை எழுத உட்காருகிறவர் இரண்டாவது பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. உள்ளே எத்தனை கோட்டை எரிந்தாலும், வெளியே ஒரு அறையில் ஓர் உடம்பு நின்றுகொண்டு காற்றில் கை வீசிக்கொண்டிருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த உடம்பை மறக்காமல் எழுதுவதற்கானவை. வரிசையாகப் போவது நல்லது. நான்காவது படியில் சிக்கினால் பெரும்பாலும் பிழை இரண்டாவது படியில் இருக்கும்.

படி 1: கருவி எது என்று முடிவு செய்யுங்கள்

“அவன் கேமுக்குள் நுழைந்தான்” என்று ஒரு வரியில் தாண்டிப் போக முடியாது. எதை மாட்டிக்கொண்டு நுழைந்தான்? இன்றைய ஹெட்செட்டா, உடல் முழுக்க அணியும் உணர்வு உடையா, நேராக மூளையோடு இணைப்பா? இந்த ஒரு முடிவுதான் உங்கள் காட்சிகளில் பாதியைத் தீர்மானிக்கும்.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் கற்பனைக்கு உரம். மார்ட்டன் ஹெய்லிக் 1962-இல் காப்புரிமை பெற்ற சென்சோராமா ஒரு பெட்டி. அதில் தலையை நுழைத்து உட்கார்ந்தால் படம் ஓடும், நாற்காலி அதிரும், காற்று வீசும், வாசனைகூட வரும். ஐவன் சதர்லேண்ட் 1968-இல் செய்த தலைக்கருவி, தலையில் தாங்க முடியாத எடை என்பதால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அதன் பட்டப்பெயர் ‘டேமக்கிளீஸின் வாள்’, அதாவது தலைக்கு மேலே மயிரிழையில் தொங்குகிற கத்தி. இந்தக் கருவி ஆரம்பத்திலிருந்தே உடம்போடு மல்லுக்கட்டித்தான் வளர்ந்திருக்கிறது.

அந்த மல்லுக்கட்டு இன்னும் ஓயவில்லை. நாம் தலையைத் திருப்பியதிலிருந்து படம் திரும்பும்வரை ஆகும் தாமதம் சுமார் 20 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். மீறினால் பலருக்குத் தலை சுற்றும். 2016-இல் வீடுகளுக்கு வந்த கணினி ஹெட்செட்டுகள் விநாடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பித்தது இதற்காகத்தான். பார்வைப் பரப்பு சுமார் 110 பாகை. வெறும் கண்ணுக்கு அது 200 பாகையைத் தாண்டும் என்பதால், முகமூடித் துளை வழியாக எட்டிப் பார்க்கிற உணர்வு இருந்துகொண்டே இருக்கும். அப்புறம் இந்தக் குமட்டல். கண் “ஓடுகிறேன்” என்கிறது, உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு “நிற்கிறேன்” என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் வயிறு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இதெல்லாம் இடைஞ்சல் என்று ஒதுக்காதீர்கள். புதிதாக வந்த பெண் முதல் சண்டையில் வாந்தி எடுக்கட்டும், பழகியவன் சிரிக்கட்டும். அவளைப் பற்றி இரண்டு பக்க அறிமுகம் மிச்சம்.

மூளை இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்களா? எழுத வசதியானது அதுதான். என் முதல் வரைவு பாழானதும் அதனால்தான், உடம்பு ஒரேயடியாகக் காணாமல் போய்விடும். அப்படி எழுதுவதானால் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே ஓடும்போது வெளியே கால் ஏன் உதைக்கவில்லை? இயற்கையே ஒரு வழி காட்டியிருக்கிறது. கனவு காணும் தூக்கத்தில் மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போட்டுவிடுகிறது, அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலிலேயே கிடக்கிறோம். உங்கள் கருவி அந்தப் பூட்டைக் கடன் வாங்குகிறது என்று வைக்கலாம். பூட்டு திறக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்பதில் ஒரு பயங்கரமான அத்தியாயம் காத்திருக்கிறது.

படி 2: தோற்றால் என்ன போகும்?

இந்த வகையின் பரம்பரை நோய் இது. கேமில் செத்தால் மறுபடி முளைத்துவிடலாம். அப்படியானால் வாசகர் எதற்குப் பதற வேண்டும்? இதைச் சமாளிக்க எழுத்தாளர்கள் கண்ட குறுக்குவழிகள் இரண்டு. ஒன்று, உள்ளே செத்தால் வெளியேயும் சாவு. இன்னொன்று, கேமைவிட்டு வெளியேற உதவும் லாக் அவுட் பொத்தான் திடீரென மறைந்துவிடுவது. இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. யாரோ ஒரு கோடீஸ்வரர் கேமுக்குள் புதையலை ஒளித்துவிட்டுச் சாவதும் அப்படித்தான். இவற்றைத் தொடவே கூடாது என்றில்லை. ஆனால் பதினைந்து வயது வாசகருக்கு இவை முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும், அதன்பிறகு உங்களைவிட அவர் இரண்டு அடி முன்னால் நடப்பார்.

உயிரைத் தவிர இழக்கக்கூடியவை எத்தனையோ உண்டு. மூன்று வருட உழைப்பு, ஒரே நண்பன், பொய்யாகக் கட்டிய பெயர், வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம். பதின்வயதில் அவமானம் சாவைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதை அந்த வயதைக் கடந்த எல்லோரும் அறிவோம்.

விளக்குவதற்கு ஒரு கதையைக் கையில் வைத்துக்கொள்வோம். யாழினிக்குப் பதினாறு வயது. அண்ணன் கவின் இரண்டு வருடம் முன்பு வீட்டைவிட்டுப் போனவன், ஒரு தகவலும் இல்லை. அவள் ‘ஆழி’ என்ற கேம் ஆடுகிறாள், கடலில் மூழ்கிய நகரங்களில் நடப்பது. ஒருநாள் அங்கே கரடி உருவத்தில் ஓர் அந்நியன் வருகிறான். திரும்புவதற்கு முன் அந்தக் கரடி இடது தோளைப் பின்னுக்கு ஒருமுறை உருட்டுகிறது. சின்ன வயதில் தோள் விலகியதிலிருந்து கவினுக்கு இருந்த பழக்கம் அது.

இப்போது யாழினி அந்தச் சண்டையில் தோற்றால் கரடி வேறு சர்வருக்கு, அதாவது அதே கேம் ஓடும் இன்னொரு கணினிக்கு, போய்விடும். பதற இது போதும். யாரும் சாக வேண்டியதில்லை.

படி 3: விதிகள் குறைவாக, ஓட்டை ஒன்று

கேம் உலகத்தைப் படைப்பது பெரிய போதை. வரைபடம், ஆயுதப் பட்டியல், எழுபது வகை மந்திரம் என்று ஆறு மாதம் ஓடிவிடும். நான் ஒரு முழு நோட்டை அப்படித் தீர்த்தேன். கதைக்குப் பயன்பட்டது நாலு விதி.

ஐந்து விதிகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்றிலாவது, உருவாக்கியவர்களே கவனிக்காத ஓட்டை இருக்கட்டும். ஏனென்றால் நிஜத்திலும் பெரிய சம்பவங்கள் அந்த ஓட்டைகளிலிருந்துதான் வந்திருக்கின்றன. கற்பனையால் தொட முடியாத மூன்று கதைகளைச் சொல்கிறேன்.

1986-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் ‘ஹேபிடாட்’ என்ற இணைய உலகைச் சோதனைக்கு விட்டது. அதில் ஒரு விற்பனை எந்திரம் பொம்மையை 75 டோக்கனுக்கு விற்றது. ஊரின் மறுகோடியில் இருந்த அடகு எந்திரம் அதே பொம்மையை 100-க்கு வாங்கியது. விலையைப் போட்டவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சில பேர் ராத்திரி முழுக்க இங்கே வாங்கி அங்கே விற்றுக்கொண்டே இருந்தார்கள், சேர்ந்த பணத்தில் இன்னும் விலை உயர்ந்த படிக உருண்டைகளிலும் அதே வேலையைச் செய்தார்கள். விடிந்தபோது அந்த உலகத்தின் மொத்தப் பணப்புழக்கம் ஐந்து மடங்காகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புதுப் பணக்காரர்கள் அதை வைத்து மற்றவர்களுக்குப் புதையல் வேட்டைகள் நடத்தினார்கள்.

2005 செப்டம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில் ஒரு பாஸ், அதாவது வீழ்த்தக் கடினமான பெரிய அரக்கன், எதிராளிகள் மேல் தொற்றும் சாபம் ஒன்றை ஏவினான். அந்த அரக்கன் இருந்த இடத்தோடு முடிய வேண்டிய சாபம் அது. ஆனால் ஆட்டக்காரர்களின் வளர்ப்பு விலங்குகளில் ஒட்டிக்கொண்டு நகரங்களுக்கு வந்துவிட்டது. புதியவர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். சிலர் ஓடி ஓடி வைத்தியம் பார்த்தார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் போய்ப் பரப்பினார்கள். பிற்பாடு தொற்றுநோய் ஆய்வாளர்களே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள்.

2014 ஜனவரியில் ‘ஈவ் ஆன்லைன்’ என்ற இணைய விளையாட்டில் ஒரு விண்வெளிப் போர். ஒரு கூட்டணி தன் முக்கியத் தளத்துக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் விட்டுப்போனது. தளம் திறந்துகொண்டது, எதிரி புகுந்தான். 21 மணி நேரச் சண்டையில் 7,500-க்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள், 75 ராட்சதக் கப்பல்கள் நொறுங்கின. இழப்பின் மதிப்பு நிஜப் பணத்தில் சுமார் 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

மூன்றிலும் வில்லன் இல்லை என்பதைப் பாருங்கள். சின்ன விதி ஒன்று, அதன்மேல் மனிதர்கள், அவ்வளவுதான். உங்கள் கேமிலும் ஓட்டையை முதலில் வையுங்கள். அதைக் கண்டுபிடிக்கும் ஆள் பயன்படுத்துகிறானா, மறைக்கிறானா, ஊருக்குச் சொல்கிறானா என்பதிலேயே அவன் யார் என்று தெரிந்துவிடும். ‘ஆழி’யில் நான் வைக்கும் ஓட்டை இது: யாராவது சர்வர் மாறும்போது அவர்கள் கடைசியாக நின்ற இடத்தில் மூன்று விநாடி நிழல் தங்கிவிடும். யாழினி கரடியைத் தொடர்ந்து போவது அதை வைத்துத்தான்.

துணைப் பாத்திரங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 1978-இல் முதல் இணைய எழுத்து உலகங்களில் ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். உங்கள் குழுவில் நாலு பேரும் நாலு காரணத்துக்காக வந்திருந்தால் சண்டை தானாக மூளும்.

படி 4: சர்வர் யாருடையது?

கேம் என்றால் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கும். உலகத்தை அழிக்கத் துடிக்கும் முதலாளியை விட்டுவிடுங்கள். தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு நடுத்தர அதிகாரி அதைவிடப் பயமுறுத்துவார்.

அவருக்குக் கையில் கொடுக்க ஓர் ஆயுதம் தயாராக இருக்கிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இசைத் தாளத்துக்கேற்பக் கை வீசும் ஒரு மெய்நிகர் விளையாட்டை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களின் தலை, கை அசைவுகளை மட்டும் கணினிக்குப் பழக்கினார்கள். பிறகு 100 விநாடி அசைவைக் காட்டினால், அது யார் என்று 94 சதவீதம் சரியாகச் சொன்னது. முகம் வேண்டாம், குரல் வேண்டாம். எந்த வேஷம் போட்டாலும் கை ஆட்டும் விதம் காட்டிக்கொடுத்துவிடும்.

யாழினி தோளை வைத்து அண்ணனை அடையாளம் கண்டாள் இல்லையா? நிறுவனமும் கண்டிருக்கும், அவளுக்கு முன்பே. இரண்டு வருடமாகக் கவின் எங்கே இருந்து ஆடுகிறான் என்பது ஒரு கோப்பில் கிடக்கிறது. கேட்டால் “தனியுரிமைக் கொள்கை” என்று மரியாதையாக மறுக்கிறார்கள். அதே கோப்பை விளம்பரக்காரர்களுக்கு மட்டும் விற்கிறார்கள். எனக்குக் கதையின் நடுப்பகுதி முழுக்க இங்கிருந்து கிடைத்துவிட்டது.

படி 5: உணர்வுகளை எண்ணி எழுதுங்கள்

இதுதான் இருக்கிற வேலைகளிலேயே கடினமானது, இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

இன்றைய ஹெட்செட் கண்ணுக்கும் காதுக்கும் தாராளமாகக் கொடுக்கும். கைக்கு ஓர் அதிர்வு, அவ்வளவே. எடை கிடையாது, வெப்பம் கிடையாது, மணம், சுவை எதுவும் கிடையாது. ஆகவே “கனத்த வாளை உயர்த்தினாள்” என்று எழுதினால் அது பொய். வாள் கனக்காது. கனக்காத வாளைப் பிடித்த கை எப்படி ஏமாறும் என்று எழுதுங்கள். பாறையில் சாயப்போனவள் தடுமாறுவாள், அங்கே பாறை இல்லை. கருவிக்கு எட்டாததைத் தேடிப் போனால் புது வாக்கியங்கள் கிடைக்கும்.

மறுபக்கமும் உண்டு. உடம்பு சுலபமாக நம்பிவிடும். 1998-இல் வெளியான புகழ்பெற்ற சோதனை ஒன்றில், ஒருவரின் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, முன்னால் ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்று தோன்றத் தொடங்கியது. உருவம் மாறினால் நடத்தையும் மாறுகிறது: ஆய்வாளர்கள் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் 2007-இல் காட்டியதுபோல, உயரமான அவதாரம் கிடைத்தவர்கள் பணம் பங்குபோடும் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். கூச்ச சுபாவமுள்ள உங்கள் நாயகிக்கு ஏழடி உடம்பு கொடுத்துப் பாருங்கள். ஹெட்செட்டைக் கழற்றியபிறகு அந்தத் துணிச்சல் எத்தனை நிமிடம் தங்குகிறது என்பது எழுத வேண்டிய காட்சி.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. மனதில் எழுவது உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒரு காட்சியை எழுதி முடித்ததும் இந்த எட்டில் எது, உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவதாரத்தின் முகத்தில் தெரியாது. கார்ட்டூன் கரடி எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் எங்கே?

“கரடி திரும்பியது. திரும்பும் முன் இடது தோளைப் பின்னுக்கு உருட்டியது. யாழினியின் வில் தானாகத் தாழ்ந்தது. மூக்கோரம் ஹெட்செட்டின் பஞ்சு ஈரமாகிக்கொண்டிருந்தது. ‘கண்ணாடி மங்குது’ என்றாள் மைக்கில், யாரும் கேட்காமலே.”

அழுதாள் என்று எழுதவில்லை. லென்ஸ் பனிக்கிறது. கருவியும் உடம்பும் ஒரே வரிக்குள் வரும்போது இந்த வகை நாவலுக்கு மட்டுமே சாத்தியமான ஒன்று நடக்கிறது.

படி 6: எந்தத் தமிழ்?

ஹெட்செட், லெவல், சர்வர், லாக், பாஸ், ரீஸ்பான், கில்ட் எல்லாவற்றையும் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். பதினாறு வயதுப் பெண் “நான் மறுபிறப்பெடுத்துவிட்டேன்” என்று மைக்கில் கத்தமாட்டாள். “ரீஸ்பான் ஆயிட்டேன், இருடா வர்றேன்” என்பாள். உரையாடல் அப்படியே இருக்கட்டும். கேமின் உள்ளே வரும் ஊர்ப் பெயர், ஆயுதப் பெயர், உயிரினங்கள் தமிழில் ஒளிரட்டும். அங்கே நம்மிடம் சொல்வளம் கொட்டிக்கிடக்கிறது. கதைசொல்லியின் நடை இரண்டுக்கும் நடுவில் நிதானமாகப் போகட்டும்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆட்டப் புள்ளிகளையும் திறன் அட்டவணைகளையும் பக்கத்திலேயே அச்சடிக்கும் லிட்ஆர்பிஜி என்ற தனி வகை உண்டு, அதற்கென்று ரசிகர்களும் உண்டு. நீங்கள் எழுதுவது அது இல்லையென்றால் ஓர் அத்தியாயத்துக்கு ஓர் எண் போதும். அதுவும் கதையில் வலிக்கும் இடத்தில்.

படி 7: கழற்றும் காட்சி

உள்ளே ஓர் அத்தியாயம், வெளியே ஓர் அத்தியாயம் என்று சீராக மாற்றிக்கொண்டே போனால் கடிகாரம் மாதிரி இருக்கும், தூக்கம் வரும். மாற்றம் எப்போதும் தவறான நேரத்தில் நடக்கட்டும். அம்பு விடப்போகும் விநாடியில் யாரோ நிஜத்தில் தோளைத் தொடுகிறார்கள். பேட்டரி தீர்கிறது. ஆடும் இடத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டிய கை அலமாரியில் மோதுகிறது.

ஒவ்வொரு முறை கழற்றும்போதும் உடம்பு எதையாவது கொண்டுவரட்டும்: நெற்றியில் பட்டையின் தடம், வறண்ட கண், வெளியே இருட்டிவிட்டதே என்ற திடுக்கிடல், ஒருகணம் சொந்தக் கையே அந்நியமாகத் தெரிவது. மாட்டும் காட்சியை எல்லோரும் எழுதுகிறார்கள். இதை எழுதுகிறவர்கள் குறைவு.

வெளியுலகத்தைத் தண்டனையாக மட்டும் காட்டாதீர்கள். “கேமை விட்டுவிட்டு வெயிலில் போய் விளையாடு” என்று முடியும் நாவலைப் பெரியவர்கள் பாராட்டுவார்கள். இளையவர்கள் நடுவிலேயே மூடிவைத்துவிடுவார்கள். உள்ளே கிடைத்த நட்பும் நட்புதான்.

படி 8: வயதுக்கு ஏற்ற அளவுகள்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நாயகரின் வயது வாசகரைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும். பன்னிரண்டு வயதுக்காரர் பதினான்கு வயதுக்காரரைப் பற்றிப் படிப்பார், மாறி நடப்பது அரிது. முக்கியமான முடிவுகளை இளையவர்களே எடுக்க வேண்டும், கடைசியில் ஒரு பெரியவர் வந்து சர்வரை அணைத்துக் காப்பாற்றக் கூடாது. அதற்காகப் பெற்றோரை எல்லாம் முட்டாளாக்கவும் வேண்டாம். ஆங்கில இளையோர் அறிவியல் நாவல்கள் பெரும்பாலும் 60,000 முதல் 90,000 சொற்கள் வரை போகும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொற்களில் முடிந்துவிடும், ஆகவே எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

படி 9: ஆடுகிறவரிடம் கொடுங்கள்

இலக்கிய நண்பர்களுக்கு முன்னால் கேம் ஆடுகிற ஒரு இளையவரிடம் வரைவைக் கொடுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், நாகரிகமாகப் பொய் சொல்வார்கள். கையில் பென்சிலைக் கொடுத்து, எந்தப் பத்தியைத் தாவிப் போகிறார்களோ அதன் ஓரத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அதோடு ஆட்டத்தில் ஏமாற்றுவதற்கு வழி தெரிந்தால் எழுதச் சொல்லுங்கள். உங்கள் விதிகளில் நீங்கள் பார்க்காத ஓட்டைகளை அரைமணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள். அவற்றில் ஒன்று நீங்கள் வைத்த ஓட்டையைவிட நன்றாக இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று விநாடி நிழல் எனக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

அக்கா மகள் இரண்டாவது வரைவில் ஏழு இடத்தில் கோடு போட்டிருந்தாள். ஏழும் சண்டைக் காட்சிகள். கரடி தோளை உருட்டும் பக்கத்தில் கோடு இல்லை, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: “அண்ணாவுக்கு இன்னும் வலிக்குதா?”